ஐந்து நாளில் கிளிமஞ்சாரோவா? புக்கிட் ரம்பாய் மலையேறிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புத் தம்பிகளே, தங்கச்சிகளே,

போன ஞாயிறு குனோங் டத்தோவிலிருந்து இறங்கி, ரெம்பாவ் கடையில் தே ஓ ஐஸ் குடித்துக்கொண்டிருந்தோமே, அப்போது உங்களில் ஒருவர் கைப்பேசியை என் பக்கம் திருப்பினீர்கள். "கிளிமஞ்சாரோ, மராங்கு வழி, ஐந்தே நாள், கூடாரம் வேண்டாம், குடிசையில் தூக்கம்." மற்றவர்கள் கேட்பதைவிட ஆளுக்கு இரண்டாயிரம் ரிங்கிட் குறைவு. பதினோரு பேர் பெயர் கொடுத்தாகிவிட்டது, மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்ட வேண்டும் என்றீர்கள். "என்னண்ணே சொல்றீங்க?" என்று கேட்டதற்கு "நல்லாருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு சப்பாத்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். இரவு ஷிஃப்ட் முடித்து நேரே வந்த களைப்பு ஒரு காரணம். இன்னொரு காரணம் வெட்கம். அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்களுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். செங்கிலும் பாயா ரும்புட்டிலும் சுங்கை ஊடாங்கிலும் இதே விளம்பரத்தைப் பார்த்து ஓவர்டைம் கணக்குப் போடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் மடலை ஒட்டாமல் விடுகிறேன்.

நம் ஊர்ப் பெயரிலேயே புக்கிட் இருக்கிறது. குன்று எங்கே என்று வெளியூர்க்காரர் கேட்டால் தொழிற்பேட்டைப் பக்கம் கையைக் காட்டிச் சமாளிப்போம். நம்மில் பலருக்கு முதல் மலை செங் சன்னாசிமலைதான். மாசி மகத்தன்று வெயிலில் சுட்ட காலோடு ஏறியது. அப்புறம் டத்தோ, அப்புறம் 1,276 மீட்டர் லேடாங், அப்புறம் காசு சேர்த்து சபாவுக்குப் பறந்து 4,095 மீட்டர் கினபாலு. கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. கினபாலுவில் லாபான் ராத்தா விடுதியின் உயரம் 3,272 மீட்டர். அங்கே அந்த இரவு உங்களில் பாதிப் பேர் தூங்கவில்லை. தலை விண் விண் என்று தெறித்தது, பனடோல் போட்டீர்கள், உச்சியில் படம் எடுத்தீர்கள், மத்தியானத்துக்குள் இறங்கினீர்கள், தலைவலி போய்விட்டது. அதனால்தான் அது ஒரு பெரிய விஷயமாக உங்களுக்குத் தோன்றவில்லை.

இப்போது விளம்பரத்தில் இருக்கிற மூன்று குடிசைகளைப் பாருங்கள். மண்டாரா 2,720 மீட்டர். ஹொரொம்போ 3,720. கீபோ 4,720. யாரோ உட்கார்ந்து கூட்டல் போட்ட மாதிரி ஆயிரம் ஆயிரமாக ஏறுகிறது. மூன்றாவது நாள் நீங்கள் படுக்கப் போகிற இடம் கினபாலு உச்சியைவிட 600 மீட்டருக்கு மேல் உயரம். படுக்க என்று பெயருக்குத்தான் சொல்கிறேன். இரவு பதினொன்று, பதினொன்றரைக்கு எழுப்பி, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, நெற்றி விளக்கை மாட்டி, இன்னும் 1,175 மீட்டர் ஏற விடுவார்கள். உயரத்தில் வேலை செய்கிற மருத்துவர்கள் சொல்கிற கணக்கு வேறு. 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும். ஐந்து நாள் திட்டம் அதை இரண்டால் பெருக்கிவிட்டு, தங்கும் நாளையும் தூக்கி எறிந்துவிட்டது.

காற்றில் ஆக்சிஜன் பங்கு எங்கேயும் 21 விழுக்காடுதான். அழுத்தம்தான் குறைகிறது. 5,895 மீட்டர் உச்சியில் ஒரு மூச்சுக்கு உங்களுக்குக் கிடைப்பது தஞ்சோங் கிளிங் கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. உடம்பு இதற்குப் பழகும், கெட்டிக்காரத்தனமாகப் பழகும். ஆனால் அதற்கு நாள் வேண்டும். ஜிம்முக்குப் போகிற உடம்பு, மாரத்தான் ஓடுகிற உடம்பு, சிகரெட்டைத் தொடாத உடம்பு என்று அது பார்ப்பதில்லை. பலசாலிகள்தான் வேகமாக ஏறி முதலில் விழுகிறார்கள். டயாமொக்ஸ் மாத்திரை பழகுவதைக் கொஞ்சம் முடுக்கிவிடும். மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள், சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே சொல்லுங்கள். ஆனால் அந்த மாத்திரை விட்டுப்போன நாளைத் திருப்பித் தராது.

சரி, ஏன் ஐந்து நாள்? காரணம் கணக்குத்தான். தான்சானியாவின் கிளிமஞ்சாரோ தேசியப் பூங்காவில் கட்டணம் நாளுக்கு இவ்வளவு என்று, டாலரில். வழிகாட்டி இல்லாமல் ஏறவும் அனுமதி கிடையாது. ஒரு நாள் கூடினால் பூங்காக் கட்டணம், சாப்பாடு, வழிகாட்டி கூலி, போர்ட்டர் கூலி எல்லாம் கூடும். ஆகவே விலையைக் குறைக்க நினைக்கிறவருக்கு இரண்டே இடம்தான் இருக்கிறது கத்தி வைக்க. ஒன்று நாள். மற்றது சுமக்கிறவன் கூலி. பூங்காக் கட்டணத்தில் அவரால் ஒரு சென் குறைக்க முடியாது. உங்களுக்கு மிச்சமாகிற இரண்டாயிரம் ரிங்கிட் இந்த இரண்டில் ஒன்றிலிருந்து, பெரும்பாலும் இரண்டிலிருந்தும் வெட்டி எடுத்தது.

இதை எப்படி இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன் என்றால், நானும் அப்படித்தான் போனேன்.

எனக்கு அப்போது 43 வயது. நான் போனது மச்சாமே வழி, கூடாரம். ஏழு நாள் திட்டம் ஒன்று, ஆறு நாள் திட்டம் ஒன்று. ஒரு நாள் லீவு மிச்சம், காசும் மிச்சம் என்று ஆறு நாளைப் பிடித்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் கரங்கா என்ற முகாமில் ஒரு இரவு. ஏழு நாள்காரர்கள் பரங்கோ முகாமிலிருந்து கரங்கா வந்து படுத்து, மறுநாள் மெதுவாக பராஃபு முகாமுக்கு ஏறுவார்கள். நாங்கள் கரங்காவில் கஞ்சி குடித்துவிட்டு அதே நாளில் 4,673 மீட்டர் பராஃபுக்கு ஏறினோம். பராஃபு என்றால் சுவாஹிலியில் ஐஸ்.

சாயங்காலம் கூடாரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். சரளைக்கல்லைக் காலால் இழுத்து மூடினேன், பூனை மாதிரி. சாப்பாட்டுக் கூடாரத்தில் தலைமை வழிகாட்டி ஒவ்வொருவராகக் கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டு வந்தார்: தலைவலி உண்டா, குமட்டல் உண்டா, சாப்பிட்டாயா. விரலில் மாட்டுகிற கருவியை மாட்டி ஆக்சிஜன் பார்த்தார். என் முறை வந்தபோது "ஓகே, நோ புரோப்ளம்" என்றேன். தலைக்குள் யாரோ ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோர் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

நள்ளிரவில் கிளம்பினோம். முன்னால் போகிறவர் குதிகாலைத் தவிர வேறு எதுவும் தெரியாது. "போலே போலே" என்று பின்னாலிருந்து குரல் வரும். மெதுவா மெதுவா என்று அர்த்தம். தண்ணீர்ப் புட்டி உறைந்துவிட்டது. ஒரு கட்டத்தில் எனக்குச் சுகமாகிவிட்ட மாதிரி இருந்தது. குளிர் தெரியவில்லை. லயத்து வாசலில் அம்மா சாம்பிராணி போடுகிற வாசனை வந்தது. அப்போதுதான் வழிகாட்டி என் முன்னால் வந்து நின்று, விளக்கை என் முகத்தில் அடிக்காமல் நெஞ்சில் அடித்து, "உன் பிள்ளைகள் பேர் என்ன?" என்று கேட்டார். எனக்கு மூன்று பிள்ளைகள். இரண்டு பெயர்தான் வந்தது. பிறகு ஒரு நேர்கோட்டில் குதிகாலும் விரலும் தொடும்படி நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்தேன்.

இறங்கு என்றார். நான் சண்டை போட்டேன். என்ன சொன்னேன் என்று நினைத்தால் இன்றும் காது சுடுகிறது: "நான் காசு கட்டியிருக்கேன்." அந்த மனிதர் கோபப்படவில்லை. "ஆமாம், அதற்குத்தான் இதைச் செய்கிறேன்" என்றார். துணை வழிகாட்டி ஒருவரை என்னோடு அனுப்பினார். இருபது வயதுகூட இருக்காது அந்தப் பையனுக்கு. என் கையுறை எங்கே விழுந்தது என்று தெரியவில்லை, அவன் தன்னுடையதில் ஒன்றைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டான். மற்ற கையை அவன் ஜாக்கெட் பைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னான். அப்படியே, ஒருவர் பைக்குள் மற்றவர் கையோடு, இருட்டில் சரளையில் சறுக்கிச் சறுக்கி இறங்கினோம். காலையில் 4,000 மீட்டருக்குக் கீழே வந்தபோது சுவிட்சைத் தட்டினதுபோல் தலைவலி நின்றது. மூன்றாவது பிள்ளையின் பெயரும் வந்துவிட்டது.

என் வீட்டுச் சுவரில் கிளிமஞ்சாரோ உச்சியான உஹுரு சிகரப் படம் இல்லாததற்கு இதுதான் கதை. "கேமரா பேட்டரி போய்விட்டது" என்று இத்தனை வருடமாக உங்களிடம் சொன்னது பொய். ரெம்பாவில் சொல்ல வாய் வராமல் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்ததும் அதனால்தான்.

வழிகாட்டியிடம் பொய் சொல்லாதீர்கள். நீங்கள் பணம் கொடுத்து வாங்குவது அவருடைய கால்களை இல்லை, அவை ஏற்கனவே நூறு தடவை அந்த உச்சியில் நின்றவை. உங்கள் புத்தி மங்குகிற நேரத்தில் மங்காமல் இருக்கிற இன்னொரு புத்தியைத்தான் வாங்குகிறீர்கள். அதற்குத் தப்பான தகவலைக் கொடுத்துவிட்டு அது சரியாக வேலை செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. நம் தொழிற்சாலையில் சென்சாரில் டேப் ஒட்டிவிட்டு மெஷினை ஓட்டுகிறவனை நாம் என்ன சொல்லித் திட்டுவோம்?

தள்ளாடினால், பேச்சு குழறினால், ஆளைத் தெரியாமல் உளறினால் மூளையில் நீர் கோக்கிறது என்று அர்த்தம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நுரையோடு இருமினால் நுரையீரலில். இரண்டுக்கும் முதல் மருந்து இறங்குவது. விடியட்டும் என்று காத்திருப்பது கிடையாது. இதை உங்கள் பதினோரு பேரில் ஒவ்வொருவரும் அடுத்தவருக்காகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஏனென்றால் அது வந்தவனுக்கு வந்தது தெரியாது. எனக்குச் சாம்பிராணி வாசனைதான் வந்தது.

இனி நாளை விட்டு ஆளுக்கு வருகிறேன்.

உங்கள் பதினோரு பேருக்கு முப்பது, நாற்பது பேர் சுமந்து வருவார்கள். கூடார வழி என்றால் கூடாரம், கேஸ் அடுப்பு, மேசை நாற்காலி, முட்டை அட்டை, உங்கள் மைலோ பாக்கெட், மாற்று உடுப்பு எல்லாம். பெரிய மூட்டையைப் பிடரியிலும் தோளிலும் சேர்த்து வைத்து, கையால் பிடிக்காமல்கூட நடப்பார்கள். ஒருவருக்கு 20 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று பூங்கா விதி. வாசலில் தராசு வைத்திருக்கிறார்கள். வாசலைத் தாண்டிய பிறகு இரண்டு மூட்டை ஒன்றாகி, ஒரு ஆள் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுகிற வித்தையும் உண்டு. குறைந்த விலைப் பயணங்களின் இலாபத்தில் அதுவும் சேர்த்தி.

என் பயணத்தின் இரண்டாவது நாள் மத்தியானம், மழைத் தூறல். எங்கள் குழு போர்ட்டர் ஒருவர் பாறையில் மூட்டையை இறக்கிவிட்டுச் சட்டைக் காலரைப் பின்னால் இழுத்து விட்டுக்கொண்டார். பிடரியில் ஒரு காய்ப்பு. உள்ளங்கை அகலம், பளபளவென்று, சுற்றியுள்ள தோலைவிடக் கறுப்பாக. எனக்கு அந்தக் காய்ப்பு தெரியும். என் அம்மாவின் வலது தோளில் இருக்கிறது. காண்டா கம்பு வைத்த இடம்.

உங்களில் சிலருக்குக் காண்டா என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம், ரப்பர் தோட்டம் போய் வீடமைப்புப் பகுதி வந்த பிறகு பிறந்தவர்கள். தோளில் ஒரு கம்பு, இரண்டு பக்கமும் பால் வாளி. விடியற்காலை பெரட்டுக்கு நின்று, கிராணி பெயர் வாசித்து, நிரைக்குப் போய் மரம் வெட்டி, மங்குக் கிண்ணத்தில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, அதைத் தூக்கிக்கொண்டு மேடு பள்ளம் ஏறி பால் ஸ்டோருக்கு நடப்பது. வழுக்கினால் பாலும் போச்சு, அன்றைய கூலியும் போச்சு. அதற்கு முந்திய தலைமுறையைத் தமிழ்நாட்டிலிருந்து கங்காணி கூட்டிக்கொண்டு வந்தார். எத்தனை பேர் அன்றைக்கு வேலைக்கு இறங்கினார்களோ அத்தனை தலைக்கு அவருக்குத் தலைக்காசு. 1938இல் இந்திய அரசு கூலிக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை ஓடிய ஏற்பாடு அது. நடுவில் ஒருவர் கை வைக்காமல் கூலி முழுசாக நம் பாட்டன் கைக்கு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கடைசி நாள் முகாமில் நாங்கள் ஏழு பேரும் அன்பளிப்புப் பணத்தை ஒரே உறையில் போட்டு ஒருவர் கையில் கொடுத்தோம். பாட்டு பாடினார்கள், ஆடினார்கள், படம் எடுத்தோம். மோஷி ஊருக்கு இறங்கிய பிறகு, எனக்குக் கையுறை தந்த பையன் சொல்லித்தான் தெரிந்தது, போர்ட்டர்களுக்கு அதில் எவ்வளவு போனது என்று. இங்கே எழுத மனம் வரவில்லை. கங்காணி செத்துவிட்டார் என்று நினைத்திருந்தேன்.

அதனால் சொல்கிறேன். பணத்தை உறையில் போட்டு மொத்தமாகக் கொடுக்காதீர்கள். சமையல்காரருக்கு இவ்வளவு, தண்ணீர் தூக்கியவருக்கு இவ்வளவு, போர்ட்டர் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று எழுதி, எல்லோர் முன்னிலையிலும் சத்தமாக வாசித்து, அவரவர் கையில் கொடுங்கள். பெரட்டு மாதிரி பெயர் வாசியுங்கள், இந்தத் தடவை கொடுப்பதற்காக. 2003இல் அங்கே கிளிமஞ்சாரோ போர்ட்டர்கள் உதவித் திட்டம் என்று ஒன்று தொடங்கினார்கள். போர்ட்டர்களுக்கு மலை உடுப்பும் சப்பாத்தும் இரவல் கொடுக்கிறார்கள். கூலி, மூன்று வேளைச் சாப்பாடு, நனையாத கூடாரம், சுமையின் எடை இதையெல்லாம் எந்த நிறுவனம் ஒழுங்காகப் பார்க்கிறது என்று கூடவே ஆள் அனுப்பிக் கண்காணித்துப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். முன்பணம் கட்டுகிறதற்கு முந்தி, நீங்கள் போகிற நிறுவனம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதும் பேச்சை மாற்றினால் அதுவும் ஒரு பதில்தான்.

சுமந்தவன் பெயரை விட்டுவிடுகிற இந்தக் கணக்கு நாம் பெருமைப்படுவதில்கூட இருக்கிறது. 1997 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியில் மலேசியாவின் முதல் காலடி வைத்தவர்கள் மு. மகேந்திரனும் ந. மோகனதாசும். டத்தோ பட்டம் அவர்கள் கைக்கு வரப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது, அந்த ஆதங்கத்தை இன்னும் எல்லா விருந்திலும் பேசுகிறோம். அவர்களோடு சேர்ந்து ஏறிய ஷெர்பாக்களின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கிளிமஞ்சாரோவிலும் அதே கதைதான். 1889 அக்டோபர் 6ஆம் தேதி முதலில் ஏறியவர்கள் ஜெர்மானியர் ஹான்ஸ் மேயரும் ஆஸ்திரியர் லுட்விக் புர்ட்ஷெல்லரும் என்று புத்தகம் சொல்லும். அடிவாரத்துச் சாக்கா மக்கள் யோஹானி கின்யாலா லாவுவோ என்ற தங்கள் ஆளின் பெயரைச் சொல்வார்கள், மேயருக்கு வழி காட்டியவர் என்று. நூறாவது ஆண்டு விழாவில்தான் அந்தக் கிழவரைத் தேடிப் பிடித்துக் கௌரவித்தார்கள்.

சிரிப்பு என்னவென்றால், அந்த மலையில் பனி இருப்பதையே முதலில் யாரும் நம்பவில்லை. 1848இல் ஜொஹன்னஸ் ரெப்மான் என்ற பாதிரியார் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வெள்ளை மலையைப் பார்த்தேன் என்று எழுதினார். லண்டனில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அறிஞர்கள் வெயிலில் கண் கூசியிருக்கும் என்றார்கள். மலையடியில் வாழைத் தோட்டம் போட்டிருந்தவர்களைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அந்தப் பனியைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், சீக்கிரம் போக நினைப்பது நியாயம்தான். கிளிமஞ்சாரோ மூன்று கூம்பு சேர்ந்த எரிமலை. ஷீராவும் மவென்சியும் அணைந்தவை. கீபோ தூங்குகிறது, அதன் வாய்க்குள் இன்னும் கந்தகப் புகை கசிகிற இடங்கள் உண்டு. அந்த எரிமலையின் தலையில் 1912இல் அளந்தபோது ஏறக்குறைய 12 சதுர கிலோமீட்டர் பனி. 2011இல் இரண்டு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. உருகி ஓடுவதைவிட, காய்ந்த காற்றில் நேரே ஆவியாகிப் போவது அதிகம் என்கிறார்கள். அதனால்தான் ஓரங்கள் வழுக்காமல், கத்தியால் அரிந்த அகார் அகார் மாதிரி செங்குத்தாக நிற்கின்றன. ஆப்பிரிக்காவின் பாரம்பரியத் தலங்களில் உள்ள பனியாறுகள் 2050க்குள் போய்விடக்கூடும் என்று யுனெஸ்கோ 2022இல் சொன்னது. நான் கீழிருந்து நிலா வெளிச்சத்தில் ஒரு வெள்ளை விளிம்பு பார்த்தேன், அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது.

பனி போவதால் மலை சுலபமாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பனி பசை மாதிரி பிடித்து வைத்திருந்த கல்லெல்லாம் தளர்ந்துவிடுகிறது. 2006 ஜனவரியில் வெஸ்டர்ன் பிரீச் என்ற மேற்குச் சரிவில் மேலிருந்து உருண்ட பாறைகளில் மூன்று அமெரிக்கர்கள் இறந்தார்கள். வித்தியாசமாக இருக்கும் என்று அந்த வழியைக் கூடுதல் விலைக்கு விற்கிறவர்களும் உண்டு. வேண்டாம்.

"கிளிமஞ்சாரோ முடிஞ்சா அடுத்தது எல்புருஸ்" என்று உங்களில் ஒரு தங்கச்சி சொன்னீர்கள். ஆசை நல்ல ஆசை. விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி 2023இல் எவரெஸ்டை முடித்துவிட்டு அதே வருடம் எல்புருஸும் ஏறினார். எவரெஸ்டில் அவர் நின்ற நாளும் மே 23, நம் ஆட்கள் நின்ற அதே தேதி. ஆனால் எல்புருஸ் வேறு ஜாதி எரிமலை. 5,642 மீட்டர், ரஷ்யாவில், காகசஸ் மலைத்தொடர். கிளிமஞ்சாரோவில் பனியைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே சரளையில் நடந்துவிடலாம். எல்புருஸில் பனியாற்றின் மேலேயே நடக்க வேண்டும். பூட்ஸுக்கு அடியில் இரும்பு முள் சட்டம், கையில் பனிக்கோடரி, விழுந்தால் எப்படி நிறுத்திக்கொள்வது என்ற பயிற்சி. இதில் எதையும் லேடாங்கில் பழக முடியாது. அங்கேயும் நாளைக் குறைக்கிற வியாபாரம் உண்டு. ரத்ராக் என்கிற சங்கிலிச் சக்கர வண்டியில் ஏற்றி, கிட்டத்தட்ட 5,000 மீட்டரில் இறக்கிவிடுவார்கள். கால் மிச்சம். மூளைக்கு ஒன்றும் மிச்சமில்லை.

2021 செப்டம்பர் 23 அன்று எல்புருஸில் 19 பேர் கொண்ட கட்டணக் குழு ஒன்று ஏறியது. வழியில் ஒரு பெண்ணுக்கு முடியவில்லை. அவரோடு ஒரு வழிகாட்டி திரும்ப, மற்றவர்கள் மேலே போனார்கள். பிறகு புயல் வந்தது. ஐந்து பேர் செத்தார்கள், திரும்பிய அந்தப் பெண்ணும் அவர்களில் ஒருவர். அமெரிக்காவில் 4,392 மீட்டர் ரெய்னியர் எரிமலையில் 1981 ஜூன் 21 அன்று, நல்ல அனுபவமுள்ள வழிகாட்டிகளோடு போன குழுமேல் பனிப்பாறை இடிந்து விழுந்து பத்து ஏறுநர்களும் ஒரு வழிகாட்டியும் மாண்டார்கள். உடல்கள்கூடக் கிடைக்கவில்லை. இரண்டாவது சம்பவத்தில் யாரும் எதையும் தவிர்த்திருக்க முடியாமல் இருந்திருக்கலாம். முதல் சம்பவத்தைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருவருக்கு முடியாமல் போனால் யார் யாரோடு திரும்புவது, மிச்ச வழிகாட்டிகள் எத்தனை பேர், எத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது, இதெல்லாம் கீழே, சாப்பாட்டு மேசையில், தலை தெளிவாக இருக்கும்போதே பேசி முடிக்க வேண்டிய விஷயம். உங்கள் பதினோரு பேருக்கு எத்தனை வழிகாட்டி, எத்தனை துணை வழிகாட்டி என்று அந்த விளம்பரத்தில் ஒரு வரிகூட இல்லை, கவனித்தீர்களா?

மாலிம் என்று நாம் கூப்பிடுகிற நம் கினபாலு மலை வழிகாட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். 2015 ஜூன் 5 காலை நிலநடுக்கத்தில் அங்கே 18 பேர் இறந்தார்கள். அதில் சிங்கப்பூர்ப் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள், வழிகாட்டிகளும் இருந்தார்கள். பாதை சிதைந்த மலையிலிருந்து மற்றவர்களைக் கைபிடித்து இறக்கியதும் வழிகாட்டிகள்தான்.

சில்லறை விஷயங்கள் சில. டத்தோவுக்கும் லேடாங்குக்கும் நாம் போடுகிற அடிடாஸ் கம்போங் ரப்பர்ச் சப்பாத்து தங்கமான சப்பாத்து, பால்மரம் வெட்டினவர்களும் அதைத்தான் போட்டார்கள், சேற்றில் அதை அடிக்க ஆளில்லை. உச்சி இரவின் குளிரில் அது உங்கள் விரலைக் கொன்றுவிடும். பயணக் காப்புறுதியில் எத்தனை மீட்டர்வரை என்று வரம்பு இருக்கும், 6,000 மீட்டர் என்று எழுத்தில் வாங்குங்கள். தான்சானியாவில் 2019 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை, அம்மா கட்டித் தருகிற முறுக்கை வேறு எதிலாவது கட்டச் சொல்லுங்கள். ஊறுகாய் கொண்டு போங்கள். மேலே எதுவும் ருசிக்காது, அது மட்டும் ருசிக்கும்.

நான் சொல்வது இதுதான்: மராங்கு குடிசைதான் வேண்டும் என்றால் ஆறு நாளாக்குங்கள், ஹொரொம்போவில் இரண்டு இரவு. கூடாரத்துக்குத் தயார் என்றால் மச்சாமே ஏழு நாள், முடிந்தால் லெமோஷோ வழி எட்டு நாள். காசு பத்தவில்லையா? அடுத்த வருடம் போங்கள். பனி ஒரு வருடம் தாங்கும். முன்பணத் தேதியை அவர்கள் தள்ளிவைக்கவில்லை என்றால் அந்த ஆளை விட்டுவிடுங்கள், வேறு ஆள் இருக்கிறார்கள்.

வருகிற சனிக்கிழமை சாயங்காலம் பைகளை முழுசாகக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வாருங்கள். பழைய சாமான் கடையில் வாங்கின கொக்கித் தராசு முன்வாசல் உத்திரத்தில் தொங்குகிறது. ஒரு பை 15 கிலோவைத் தாண்டினால் அங்கேயே பிரித்து மிச்சத்தை வெளியே எடுக்க வேண்டும், ஹேர் டிரையர் உட்பட. அம்மாவும் இருப்பார். காண்டா கம்பைப் பற்றிக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார். தோளைக் காட்டச் சொல்லாதீர்கள், கோபம் வரும். வடை சுடச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உச்சியைத் தொடாத உங்கள் அண்ணன்
புக்கிட் ரம்பாய், மலாக்கா